நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு சட்டத்தரணி செய்த தவறு: முறைப்பாட்டை எப்படி எழுதுவது

ஆரையம்பதியிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் சீட்டுக் கணக்கு எழுதிய கொப்பி ஒன்று, வங்கி திருப்பி அனுப்பிய இரண்டு காசோலைகள், மடித்து மடித்துக் கிழிந்துபோன சில துண்டுக் கடதாசிகள். சீட்டுப் பிடித்தவர் ஒரு சட்டத்தரணி. அக்காவின் வழக்கு எதையும் அவர் பேசியதில்லை. அதே ஒழுங்கையில் குடியிருந்தவர், அவ்வளவுதான்.

"அவர் பிரக்கிராசியார் எண்டுதான் தம்பி நம்பிக் குடுத்தநான். வேற ஆராவது எண்டா குடுத்திருப்பனா?"

நான் சட்டத்தரணி அல்ல. மட்டக்களப்பில் சட்டத்தரணி அலுவலகங்களில் எழுதுவினைஞராக வேலை பார்த்து, இப்போது ஆக்களுக்கு மனுக்களும் கடிதங்களும் எழுத உதவி செய்கிறேன். அந்த அக்காவிடம் பொலிஸ் நிலையத்திலும், கோயில் வாசலிலும், சொந்தக்காரர் வீட்டிலும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: "அது அவருடைய சொந்த விசயம், வழக்கு விசயம் இல்லையே." இந்தப் பதில் பிழை. ஏன் பிழை, அப்படியானால் இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்கு எப்படி முறைப்பாடு செய்யலாம் என்பதை முதன்முதலாக இந்த வழியில் இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது

1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 40 ஆம் பிரிவு, நற்பெயரும் தகுதியான அறிவும் திறமையும் உள்ளவர்களைச் சட்டத்தரணிகளாகச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. நற்பெயர் என்ற சொல் முதலில் நிற்பதைக் கவனியுங்கள். 42 ஆம் பிரிவு, வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம், தவறு இவற்றில் எதையாவது செய்த சட்டத்தரணியை உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவர் சேர்ந்திருந்து தொழிலிலிருந்து இடைநிறுத்தலாம் அல்லது நீக்கலாம் என்கிறது. வஞ்சகம் கட்சிக்காரருக்குத்தான், அதாவது வழக்கை ஒப்படைத்தவருக்குத்தான், செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை.

1988 டிசம்பர் 7 ஆம் திகதிய 535/7 ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த சட்டத்தரணிகளின் நடத்தை விதிகள் இன்னும் தெளிவானவை. நற்பெயரும் தகுதியும் உள்ள சட்டத்தரணிகள் இழிவானது, மானக்கேடானது என்று நியாயமாகக் கருதக்கூடிய விதத்திலோ, சட்டத்தரணியாகத் தொடர்ந்து இருக்கத் தகுதியற்றவராக ஆக்கும் விதத்திலோ ஒருவர் நடக்கக்கூடாது என்பது 60 ஆவது விதி. சட்டத்தரணி ஒருவருக்கு ஒவ்வாத விதத்தில் நடக்கக்கூடாது என்பது 61 ஆவது. வீடு, கடை, கோயில், வீதி எல்லாமே இந்த இரண்டு விதிகளுக்குள் வந்துவிடும்.

ஆனால் எல்லாத் தவறும் ஒரே எடை அல்ல. வேறு நாடுகளில் நடந்த நான்கு வழக்குகளைச் சொன்னால் இது விளங்கும். 1893 இல் இங்கிலாந்தில் ஒரு சட்டத்தரணி, தனக்குச் சொந்தமான வீடுகளை விபசார விடுதியாகப் பாவிக்கத் தெரிந்தே விட்டதற்காகத் தண்டனை பெற்றவர். அதற்கும் அவருடைய தொழிலுக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் சட்டத்தரணிகள் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. 1957 இல் அவுஸ்திரேலியாவில் ஒரு வழக்கறிஞர் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் இறந்துபோனார். இரண்டு வருடச் சிறை. அவருடைய பெயரை நீக்கிய கட்டளையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாற்றி, சிறையிலிருக்கும் காலத்துக்கு மட்டும் இடைநிறுத்தியது. நடந்தது கொடுமை, ஆனால் அதிலிருந்து அவர் நேர்மையற்றவர் என்ற முடிவுக்கு வர முடியாது என்பதே அடிப்படை. இந்தியாவில் எதிராளியைக் கத்தியால் தாக்கிக் கொலைமுயற்சிக் குற்றவாளியான வழக்கறிஞரின் பெயரை 1997 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2020 இல் இங்கிலாந்தில், அலுவலகத்தில் தனக்குக் கீழே வேலை செய்த பெண்ணோடு உறவுகொண்ட மூத்த சட்டத்தரணிக்கு விதிக்கப்பட்ட 35,000 பவுண் தண்டத்தை நீதிமன்றம் இரத்துச் செய்தது. ஒருவருடைய தனிவாழ்க்கைக்குள் ஒழுக்காற்று விதி நுழைய வேண்டுமானால், அந்த நடத்தை அவருடைய தொழிலையோ தொழிலின் மதிப்பையோ உண்மையில் தொட வேண்டும் என்றது.

ஆக, உங்கள் முறைப்பாட்டை வாசிப்பவர் மனதில் இருக்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: இந்த மனிதரை நம்பி ஒருவர் தன் காணியை, காசை, பிள்ளையின் பிணையை ஒப்படைக்கலாமா? உங்களுக்கு எவ்வளவு நட்டம், எவ்வளவு கோபம் என்பது அதற்கு அடுத்ததுதான். நான் கண்ட முறைப்பாடுகளில் பாதி இந்த இடத்தில்தான் வழி தவறிப் போயிருக்கின்றன.

முதலில் தரம் பிரியுங்கள்

எழுதத் தொடங்குமுன் ஒரு நாள் பொறுத்திருந்து இவற்றை யோசியுங்கள். அவர் பொய் சொல்லி, மறைத்து, ஏமாற்றி எதையாவது பெற்றாரா? சட்டத்தரணி என்ற பெயரைக் காட்டி நம்பிக்கையையோ பயத்தையோ உண்டாக்கினாரா? ஏதாவது நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டதா, அல்லது அவருக்கு எதிராகக் கட்டளை இட்டதா? அடித்தாரா, மிரட்டினாரா?

எங்கள் பக்கத்தில் சட்டத்தரணிகள் கோயில் வண்ணக்கராக (கோயில் நிருவாகத்தைப் பார்ப்பவராக), பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில், விளையாட்டுக் கழகத்தில் பொருளாளராக இருப்பது வழமை. படித்தவர், கணக்கு வழக்குத் தெரிந்தவர் என்று ஊரே கொண்டுபோய் இருத்துகிறது. அந்தப் பொதுக் காசில் கைவைத்தால் அது வெறும் கோயில் பிரச்சினை அல்ல. பணம் இல்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி குற்றம். வீட்டில் மனைவியை அடிப்பவருக்கு எதிராக 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். அந்தக் கட்டளையை மீறினால் அதுவும் குற்றம். இவை எல்லாம் முறைப்பாட்டுக்கு உரியவை.

வேலிச் சண்டை, சொன்ன திகதிக்குக் கடன் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது, கலியாணப் பேச்சு முறிந்தது, மேடையில் வேறு கட்சிக்காகப் பேசியது, இவற்றைத் தனியாகக் கொண்டுபோகாதீர்கள். மனிதருக்கு மனிதர் வரும் மனத்தாங்கலுக்கு ஒருவருடைய தொழிலைப் பறிக்கும் அதிகாரம் கொண்ட நீதிமன்றத்தை இழுப்பது நியாயமில்லை. காணாமல்போன பிள்ளைகளுக்காக ஆட்கொணர்வு மனு எழுதிக்கொடுத்த சட்டத்தரணிகளை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அந்தத் தொழிலின் மதிப்பைக் காக்கத்தான் இந்த வழி இருக்கிறது.

நொத்தாரிசு வேலை, அதாவது காணி உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் வேலை, வேறு கணக்கு. காணி உறுதியில் கையொப்பம் போலி, நீங்கள் முன்னிலையில் இல்லாமலே அத்தாட்சிப்படுத்தினார் என்றால், சட்டத்தரணி என்ற வகையில் உயர் நீதிமன்றத்துக்கும் நொத்தாரிசு என்ற வகையில் பதிவாளர் நாயகத்துக்கும் எழுதலாம். நொத்தாரிசு ஒருவர் ஒரு மாதத்தில் அத்தாட்சிப்படுத்திய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே முதலில் மட்டக்களப்பு அல்லது கல்முனைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள்.

காசு வேறு வழி, முறைப்பாடு வேறு வழி

இதை அக்காவுக்கு மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஒழுக்காற்று விசாரணையின் நோக்கம் சீட்டுக் காசை வசூலித்துத் தருவது அல்ல. காசுக்கு மத்தியஸ்த சபை, மாவட்ட நீதிமன்றம். காசோலைக்குப் பொலிஸ். குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட கடன் தகராறு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். அங்கே தீரவில்லை என்ற சான்றிதழ் கிடைத்த பிறகே வழக்குப் போடலாம்.

காலத்தைக் கவனியுங்கள். எழுத்தில் உள்ள கடனுக்கு வழக்குத் தொடர ஆறு வருடம், வாய்ப்பேச்சுக் கடனுக்கு மூன்று வருடம். கொழும்புக்கு முறைப்பாடு அனுப்பிவிட்டோம் என்று வீட்டில் இருந்தால் அந்தக் காலம் நிற்காது, ஓடிக்கொண்டேயிருக்கும். இதனால் காசை முழுவதும் இழந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். இரண்டு வேலையையும் ஒரே மாதத்தில் தொடங்குங்கள்.

உள்ளூரில் ஒரு சட்டத்தரணிக்கு எதிராக இன்னொரு சட்டத்தரணி நிற்கத் தயங்கலாம். தினமும் ஒரே மேசையில் தேநீர் குடிப்பவர்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள், மட்டக்களப்பிலும் உண்டு, கல்முனையிலும் உண்டு. அல்லது வேறு மாவட்டத்துச் சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள்.

கடதாசி சேர்ப்பது

காசோலை என்றால் அதோடு வங்கி தந்த திருப்பிய சிட்டையும் வேண்டும். காசோலையை மட்டும் வைத்துக்கொண்டு சிட்டையை எறிந்துவிடுகிறார்கள். ஏன் திரும்பியது என்பதைச் சொல்வது அந்தச் சின்னத் துண்டுதான்.

அவர் தண்டனை பெற்றிருந்தால் பத்திரிகைச் செய்தியின் வெட்டுத்துண்டு போதாது. அந்த நீதிமன்றப் பதிவகத்தில், அது களுவாஞ்சிக்குடியோ வாழைச்சேனையோ அக்கரைப்பற்றோ எதுவானாலும், வழக்கிலக்கத்தைக் கொடுத்து உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். வழக்கு இலக்கம் தெரியாவிட்டால் திகதியும் பெயரும் கொண்டு தேட வேண்டிவரும், அலைச்சல்தான், ஆனால் இந்த ஒரு கடதாசி பத்துச் சாட்சிக்குச் சமம். தண்டனை இல்லாவிட்டாலும் முறைப்பாடு செய்யலாம். வஞ்சகம் என்பது சட்டத்தில் தனிச் சொல். ஆனால் அப்போது நிரூபிக்கும் பாரம் முழுவதும் உங்கள் கடதாசிகளின் தலையில்தான் விழும்.

வட்ஸ்அப் செய்திகளை எண்ணும் திகதியும் தெரியும்படி படம் எடுத்து அச்சிடுங்கள். குரல் பதிவை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். சீட்டுக் கொப்பியில் புதிதாக ஒரு எழுத்தும் சேர்க்காதீர்கள். அக்கா விடுபட்ட இரண்டு மாதத்தை நினைவிலிருந்து எழுதி நிரப்பப் பார்த்தார், நான் தடுத்தேன். வெறுமையாக இருக்கும் கட்டத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். வேறு மையில் நிரப்பிய கட்டம் முழுக் கொப்பியையும் சந்தேகத்துக்குள் தள்ளிவிடும்.

எழுதுவது

நான் முதன்முதலில் எழுதிக்கொடுத்த முறைப்பாடு ஒன்பது பக்கம். அந்தச் சட்டத்தரணி குடிப்பது, அவருடைய தம்பி செய்தது, எந்த அரசியல்வாதியோடு திரிகிறார் என்பது எல்லாம் அதில் இருந்தது. சொன்னவை உண்மை என்று சத்தியம் செய்து ஒப்பமிடும் சத்தியக்கடதாசி மட்டும் இருக்கவில்லை. வெறும் கடிதமாக அனுப்பினோம். பல மாதம் வீணாகப் போனது. என்னை நம்பி வந்த குடும்பத்துக்கு அந்த மாதங்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இப்போது நான் எழுதும் முறை இது. பந்திகளுக்கு இலக்கம் போடுகிறேன். ஒரு பந்தியில் ஒரு விசயம். திகதி, இடம், தொகை, யார் முன்னிலையில், எந்த ஆவணம். ஆவணங்களுக்கு அ1, அ2 என்று அடையாளம் இட்டு, பந்தியிலேயே குறிப்பிடுகிறேன். முதற் பந்தியில் முறைப்பாட்டாளர் யார், இரண்டாவதில் அந்தச் சட்டத்தரணியின் முழுப்பெயரும் அலுவலக முகவரியும், மூன்றாவதில் இருவருக்கும் என்ன தொடர்பு. கட்சிக்காரர் அல்ல, அயலவர் என்றால் அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். பிறகு நடந்தது நடந்த ஒழுங்கில்.

அக்கா சொன்ன வசனம்: "இந்தக் கள்ளன் ஊரையே ஏமாத்தி எங்கட வயித்தில அடிச்சவன்." அதைக் கேட்கும்போது எனக்கும் நெஞ்சு எரிந்தது. எழுதியது: "7. மேற்சொன்னவர் மாதம் 10,000 ரூபா வீதம் என்னிடம் சீட்டுப் பணம் பெற்றார். ஒவ்வொரு முறையும் தனது அலுவலக முத்திரை இட்ட துண்டில் பற்றுக் கையொப்பம் வைத்தார். அவற்றின் பிரதிகள் அ1 இலிருந்து அ6 வரை இணைக்கப்பட்டுள்ளன." முத்திரை என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். சீட்டுக்கும் சட்டத்தரணி அலுவலகத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் முத்திரை அவருடைய தொழிலை அந்தத் துண்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. அக்கா அந்தத் துண்டுகளை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. பையின் அடியில் கசங்கிக் கிடந்தன. உங்கள் பையிலும் இப்படி ஒன்று இருக்கும், தேடுங்கள்.

கடைசியில் ஒரு பந்தி, இந்த நடத்தை ஏன் நம்பிக்கையைக் குலைக்கிறது என்று. "அவர் சட்டத்தரணி என்பதாலேயே நம்பினேன்" என்பது உண்மையானால் அங்கே எழுதுங்கள். உண்மை இல்லாவிட்டால் எழுதாதீர்கள். 60, 61 ஆம் விதிகளையும் 42 ஆம் பிரிவையும் குறிப்பிட்டால் போதும், வியாக்கியானம் தேவையில்லை. நான்கு பக்கத்துக்குள் முடியுங்கள்.

அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை நீதிமன்றத்துக்குத் தமிழில் எழுதும் உரிமையைத் தருகிறது. தமிழிலேயே எழுதுங்கள், உங்கள் வாயால் வந்ததை நீங்களே வாசித்துச் சரிபார்க்கலாம். வசதி இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பும் எடுத்து இணையுங்கள், வேலை விரைவாகும்.

சத்தியக்கடதாசி

முறைப்பாட்டில் சொன்னவற்றை உறுதிப்படுத்தும் சத்தியக்கடதாசி இல்லாமல் அனுப்பவே வேண்டாம். சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் ஒருவர் முன் கையொப்பம் இட வேண்டும். வீட்டிலே கையொப்பம் வைத்து, பிள்ளையிடம் கொடுத்து, முத்திரை குத்திவரச் சொல்லும் பழக்கம் எங்களிடம் உண்டு. இந்த விசயத்தில் அது உங்களையே கவிழ்க்கும். நீங்களே போங்கள், அவர் பார்க்க ஒப்பமிடுங்கள், இடமும் திகதியும் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டு எழும்புங்கள்.

அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். இந்துக்களும் முஸ்லிம்களும் உறுதியுரைப்பதாக, கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்வதாக வசனம் மாறும். வாசிக்கத் தெரியாத அம்மா என்றால், வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்று முடிவிலே சேர்க்க வேண்டும். பொய்யான சத்தியக்கடதாசி தண்டனைக்குரிய குற்றம். ஆகவே கண்டதைக் கண்டதென்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதென்றும் பிரித்துச் சொல்லுங்கள்.

அனுப்புவது, பிறகு நடப்பது

பதிவாளர், உயர் நீதிமன்றம், கொழும்பு 12 என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் இரண்டு பிரதிகளாக அனுப்புங்கள். மூலக் காசோலையையும் கொப்பியையும் அனுப்பாதீர்கள், பிரதி மட்டும். மூலம் விசாரணையில் காட்டுவதற்கு. இலங்கை சட்டத்தரணிகள் சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். சங்கம் கேட்கலாம், விசாரிக்கலாம், ஆனால் பெயரை நீக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்திடம் மட்டுமே உண்டு. சங்கத்துக்கு அனுப்பியதோடு நின்றுவிடாதீர்கள்.

சட்டத்தரணியிடம் விளக்கம் கேட்கப்படும். முகாந்திரம் இருப்பதாகத் தெரிந்தால் விசாரணை. இடைநிறுத்துவதற்கோ நீக்குவதற்கோ முன், குற்றச்சாட்டின் பிரதியோடு அவருக்கு அறிவித்தல் கொடுத்து, காரணம் காட்ட வாய்ப்பளிக்க வேண்டும். அது அவருடைய உரிமை. விசாரணை நடக்கும்போது அவர் வழமைபோல் கறுப்புக் கோட்டோடு நீதிமன்றம் வருவதைக் காண்பீர்கள். முறைப்பாடு கொடுத்ததாலேயே தொழில் நின்றுவிடாது. அதைக் கண்டு மனம் உடைந்து இடையில் விட்டவர்கள் பலர். வருடக் கணக்கில் இழுபடலாம் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவில் எச்சரிக்கையும் வரலாம், இடைநிறுத்தமும் வரலாம், பெயர் நீக்கமும் வரலாம், எதுவும் இல்லாமலும் போகலாம். நீக்கப்பட்டவர் பின்னொரு காலத்தில் திருந்தியதைக் காட்டி மீண்டும் சேர விண்ணப்பிக்கவும் இடமுண்டு.

இந்தக் காலத்தில் செய்யக்கூடாதவை

பேஸ்புக்கில் போடாதீர்கள். அவமானப்படுத்தியதாக உங்கள்மேல் நட்டஈட்டு வழக்குப் போடலாம், அதற்குப் பிறகு முறைப்பாட்டாளர் நீங்களா அவரா என்ற நிலை வந்துவிடும்.

"காசைத் தந்தால் முறைப்பாட்டை வாங்கிக்கொள்ளுவேன்" என்று எழுதாதீர்கள், போனில் சொல்லவும் வேண்டாம். அந்த ஒரு வசனம் உண்மையான முறைப்பாட்டையும் மிரட்டிக் காசு பறிக்கும் முயற்சிபோலக் காட்டிவிடும். அவராகவே ஊர்ப் பெரியவர் ஒருவரை அனுப்பி, காசைத் தருகிறேன் என்றால் வாங்கலாம், அது உங்கள் காசு. வாங்கியதற்குப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். அதில் முறைப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். பொது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விசயம் என்பதால், நீங்கள் விலகினாலும் நீதிமன்றம் தொடரலாம்.

அக்காவின் வீட்டுக்கு இரண்டு தரம் ஆள் வந்தது. இரண்டாம் தரம் வந்தவர் தெரிந்த மாமா முறைக்காரர், "புள்ள, படிச்ச மனிசன்ர வாழ்க்கையை ஏன் கெடுக்காய்?" என்று கேட்டாராம். அக்கா சொன்ன பதிலை நான் முறைப்பாட்டில் எழுதவில்லை, ஆனால் மறக்கவில்லை: "படிச்ச மனிசன் எண்டுதானே மாமா காசைக் குடுத்தநான்."

தபால் பற்றுச்சீட்டைச் சீட்டுக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டிவிட்டு, முறைப்பாட்டின் முழுப் பிரதி ஒன்றையும் அதே பையில் வைத்துக் கொடுத்தேன். வீடு மாறினால், போன் இலக்கம் மாறினால், அன்றைக்கே பதிவாளருக்கு எழுத வேண்டும் என்றும் சொன்னேன். அறிவித்தல் பழைய முகவரிக்குப் போய், விசாரணை நாளில் முறைப்பாட்டாளர் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. கொழும்புக்கு அழைப்பு வந்தால் முதல்நாளே போய்விடுங்கள், உதயதேவி ரயில் தாமதித்தால் நீதிமன்றம் காத்திருக்காது. அடையாள அட்டை, மூலக் காசோலைகள், திருப்பிய சிட்டைகள், கொப்பி, முத்திரைத் துண்டுகள், இவற்றை எடுத்துவைத்துவிட்டுப் படுங்கள்.